ஆற்றைக் கெடுத்தது யார்? துப்பறிய உதவும் எக்ஸெல்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் சில மாதங்கள் எப்படிப் போகும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். சினிமா, பாட்டு, பிள்ளைகளுக்குக் கேம்ஸ், பெரியவர்களுக்கு ஈமெயில். எக்ஸெல் ஐகான் ஒரு மூலையில் சும்மா கிடக்கும். மிஞ்சிப் போனால் மாதச் செலவை வரிசையாக டைப் செய்து, ஆட்டோசம் பட்டனை அழுத்திக் கூட்டுத் தொகையைப் பார்ப்போம். அதே எக்ஸெல்லை வைத்துக்கொண்டு ஓர் ஆற்றில் கழிவைக் கலப்பது யார் என்று துப்பறிய முடியுமா? முடியும். ஆனால் பாதி தூரம்தான். அந்தப் பாதி தூரத்தை உங்கள் கம்ப்யூட்டரிலேயே நடந்து பார்ப்போம்.

முதலில் பிரச்சினை என்ன என்று தெரிந்துகொள்ளலாம். ஓர் ஆறு கறுத்துப்போய் நாற்றமெடுக்கும்போது கரையில் இருக்கும் எல்லோரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். நகராட்சி ஆலையைக் காட்டும்; ஆலை நகரத்துச் சாக்கடையைக் காட்டும்; இருவரும் சேர்ந்து வயலில் உரம் போடும் விவசாயியைக் காட்டுவார்கள். ஆற்றில் கலந்த பிறகு எந்தச் சொட்டு எங்கிருந்து வந்தது என்று பெயர் எழுதியா இருக்கிறது? தவறான ஆளைப் பிடித்தால் வெறும் அநியாயம் மட்டுமல்ல, பணமும் வீண். பல கோடி ரூபாயில் சுத்திகரிப்பு நிலையம் கட்டி முடித்த பிறகு, பாதி அழுக்கு மழைநீரோடு வயலிலிருந்தும் தெருவிலிருந்தும் வருகிறது என்று தெரிந்தால் என்ன செய்வது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022ல் வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் 279 ஆறுகளில் 311 பகுதிகள் மாசடைந்தவை. மாசடைந்த பகுதி என்று சொல்ல அது பார்க்கும் அளவு பி.ஓ.டி. எனப்படும் ஒரே எண். அந்த எண் ஆறு கெட்டிருக்கிறது என்று சொல்லும். கெடுத்தவர் யார் என்று சொல்லாது. அதைச் சொல்லப் பல எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். இங்கேதான் புள்ளியியல் வருகிறது.

கோமதி ஆறும் 17,790 அளவீடுகளும்

உத்தரப் பிரதேசத்தில் ஓடும் கோமதி ஆறு இமயத்துப் பனியில் பிறப்பதல்ல. பிலிபித் மாவட்டத்தில் ஓர் ஏரியில் தொடங்கி, நிலத்தடி ஊற்றையும் மழையையும் நம்பி ஓடி, லக்னோ, சுல்தான்பூர், ஜான்பூர் நகரங்களைக் கடந்து கங்கையில் கலக்கிறது. பனி உருகி வரும் தண்ணீர் இல்லாததால் கோடையில் ஆறு மெலிந்துவிடும். வழியில் சர்க்கரை ஆலைகளும் சாராய ஆலைகளும் உண்டு. கரும்பு, கோதுமை வயல்கள் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி 28 லட்சம் பேர் வசித்த லக்னோ நகரம் உண்டு. அந்த நகரம் மேல்பக்கத்தில் கௌகாட் என்ற இடத்தில் குடிப்பதற்கு நீர் எடுத்து, கீழே போகப் போகத் தன் சாக்கடைகளை அதே ஆற்றில் விடுகிறது. இந்த ஆற்றைச் சுத்தம் செய்வது கங்கைத் திட்டத்தின் இரண்டாவது கட்டத்தில் சேர்க்கப்பட்டது.

லக்னோவில் இருந்த தொழில்நச்சு ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள் குன்வர் பி. சிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்த ஆற்றை 1994 முதல் 1998 வரை 5 ஆண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். 8 இடங்கள்; ஒவ்வொரு இடத்திலும் 24 வகை அளவுகள். மொத்தம் 17,790 அளவீடுகள். 2004ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள்.

அம்மாடி, எவ்வளவு பெரிய கணக்கு என்று மலைக்க வேண்டாம். எக்ஸெல் 2003 வரை ஒரு ஷீட்டில் 65,536 வரிசைகள் இருந்தன. எக்ஸெல் 2007 முதல் 10,48,576. ஒரு அளவீட்டுக்கு ஒரு வரிசை என்று வைத்தாலும் கோமதியின் 5 ஆண்டு ஜாதகம் உங்கள் கம்ப்யூட்டரில் ஒரே ஷீட்டில் மூலையில் அடங்கிவிடும். கஷ்டம் இடத்தில் இல்லை. 17,790 எண்களை ஒரு மனிதன் கண்ணால் பார்த்து என்ன புரிந்துகொள்ள முடியும் என்பதில்தான் இருக்கிறது.

மளிகைக் கடை பில்

இந்த ஆய்வுகளின் அடிப்படை யோசனை மிக எளிது. உங்கள் தெரு மளிகைக் கடைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் யார் வீட்டு அடுப்படிக்கும் போவதில்லை. ஆனாலும் பில்லைப் பார்த்தே சொல்லிவிடுவார். ரவை, சர்க்கரை, முந்திரி, நெய் நான்கும் சேர்ந்து ஒரு பில்லில் ஏறினால் கேசரி. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம் எல்லா வீட்டிலும் ஒரே வாரத்தில் ஏறினால் பொங்கல் வருகிறது. சர்க்கரை மட்டும் ஏறினால் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது, காபிக்காகவும் இருக்கலாம். சேர்ந்து ஏறுகிற பொருட்கள்தான் சேதி சொல்கின்றன.

ஆற்றுத் தண்ணீரும் அப்படியே. வீட்டுச் சாக்கடை கலந்தால் பி.ஓ.டி., அம்மோனியா, பாஸ்பேட், குளோரைடு, குடல் பாக்டீரியா ஆகியவை சேர்ந்து ஏறும். குளோரைடு எதற்கு என்று கேட்கலாம். நாம் சாப்பிடும் உப்பு கடைசியில் எங்கே போகிறது என்று நினைத்துப் பாருங்கள். தோல் பதனிடும் இடங்களில் குரோமியம் வரும். கங்கைக் கரையில் கான்பூர் இதற்குப் பேர்போனது. சாராய ஆலைக் கழிவில் பி.ஓ.டி. எக்கச்சக்கமாக இருக்கும், கூடவே பொட்டாசியமும் பழுப்பு நிறமும். வயலிலிருந்து வருவது நைட்ரேட், அதுவும் மழையை ஒட்டி. கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் மூன்றும் ஒன்றாக ஆடினால் யாரையும் குறை சொல்ல வேண்டாம், அது பாறையும் மண்ணும் கரைந்து வருவது.

இதில் குளோரைடுக்குத் தனி மரியாதை உண்டு. பி.ஓ.டி.யை ஆற்றில் உள்ள பாக்டீரியாக்கள் தின்று குறைத்துவிடும். குளோரைடை யாரும் தின்பதில்லை. கலந்தது கலந்தபடி கீழே போய்க்கொண்டே இருக்கும். 1854ல் லண்டனில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ, ஒரு வீட்டுக்கு எந்தக் கம்பெனியின் தேம்ஸ் தண்ணீர் வருகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாத இடங்களில் இந்த உப்பைச் சோதித்துத்தான் கண்டுபிடித்தார். நகரத்துக்கு மேலே எடுத்த தண்ணீரைவிட, நகரத்துக்குள் எடுத்த தண்ணீரில் உப்பு ஏறக்குறைய 40 மடங்கு இருந்தது. எக்ஸெல் பிறப்பதற்கு 131 ஆண்டுகளுக்கு முன்பு!

நாமே செய்து பார்ப்போம்

எக்ஸெல்லைத் திறந்துகொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் உள்ள கால்க் தொகுப்பைப் பயன்படுத்தலாம். இங்கே சொல்லும் ஃபார்முலாக்கள் இரண்டிலும் ஒன்றுதான்.

கீழே உள்ளவை எந்த ஆற்றிலும் எடுத்தவை அல்ல. பயிற்சிக்காக நாமே அமைத்த எண்கள். ஒரு ஊருக்குக் கீழே ஒரே இடத்தில் 6 மாதங்களில் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். முதல் வரிசையில் தலைப்புகளை டைப் செய்திடுங்கள். ஏ காலத்தில் மாதம். பி காலத்தில் நீர் ஓட்டம், அதாவது விநாடிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் போகிறது என்பது. சி காலத்தில் பி.ஓ.டி.; டி காலத்தில் குளோரைடு; ஈ காலத்தில் தண்ணீரில் மிதக்கும் மண். கடைசி மூன்றும் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. பின்னர் இரண்டாவது வரிசையிலிருந்து இவற்றை அமைத்திடுங்கள்.

ஜனவரி: 30, 6, 22, 40
மார்ச்: 20, 8, 28, 30
மே: 10, 12, 40, 20
ஜூலை: 80, 4, 14, 200
செப்டம்பர்: 120, 2, 10, 250
நவம்பர்: 40, 4, 18, 60

பி.ஓ.டி. என்பது என்ன? தண்ணீரில் இருக்கும் மக்கும் அழுக்கைத் தின்னப் பாக்டீரியாக்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்ற அளவு. இந்தியாவில் 27 டிகிரி வெப்பத்தில் 3 நாள் வைத்திருந்து பார்க்கிறார்கள். குளிக்கத் தகுந்த ஆற்றில் இது 3க்கு மேல் போகக் கூடாது. நம் பயிற்சி ஆற்றில் மே மாதம் 12. குளிக்க வேண்டாம்.

இப்போது கோரிலேஷன். பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒட்டுறவு என்று படித்திருப்பீர்கள். இரண்டு வரிசை எண்கள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று சொல்லும் ஓர் எண். அது மைனஸ் 1க்கும் பிளஸ் 1க்கும் நடுவில் இருக்கும். பிளஸ் 1க்கு அருகில் என்றால் இரண்டும் கைகோத்து நடக்கின்றன. மைனஸ் 1க்கு அருகில் என்றால் ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது. பூஜ்யத்துக்கு அருகில் என்றால் இரண்டும் ஒரே நேர்கோட்டில் நடக்கவில்லை.

காலியான ஒரு செல்லில் கர்சரை வைத்துச் சமக் குறியிட்டு, கோரெல் என்ற ஃபங்ஷனின் பெயரை அமைத்திடுங்கள். சி, ஓ, ஆர், ஆர், இ, எல் என ஆறு எழுத்துகள். அடைப்புக்குறியைத் திறந்து, சி2 முதல் சி7 வரை மவுஸால் தேர்ந்தெடுத்து, கமா இட்டு, டி2 முதல் டி7 வரை தேர்ந்தெடுத்து, அடைப்புக்குறியை மூடி என்டர் தட்டவும். 0.99 என்று வருகிறதா? பி.ஓ.டி.யும் குளோரைடும் இணைபிரியாமல் போகின்றன. அதேபோல நீர் ஓட்டத்தையும் மிதக்கும் மண்ணையும் பாருங்கள்: 0.98. நீர் ஓட்டத்துக்கும் பி.ஓ.டி.க்கும் மைனஸ் 0.83.

இங்கே இரண்டு கூட்டணிகள் தெரிகின்றன. பி.ஓ.டி.யும் குளோரைடும் ஒரு கட்சி. ஆறு மெலியும்போது ஏறுகின்றன. மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவில் கொட்டிக்கொண்டிருக்கும் குழாய் அல்லது சாக்கடையின் லட்சணம் இது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கழிவு கெட்டியாகும். தண்ணீர் பெருகினால் நீர்த்துப் போகும். மண் எதிர்க்கட்சி, மழை வந்தால்தான் வருகிறது. எனவே, பி.ஓ.டி.க்குக் காரணம் ஊர்ச் சாக்கடை, மழைக்கு அதில் பங்கில்லை என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? பலர் இந்த இடத்தில் எழுதிவிடுகிறார்கள்.

ஒரு பெருக்கல், மாறும் தீர்ப்பு

கொஞ்சம் பொறுங்கள். ஒரு லிட்டரில் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. மொத்தம் எவ்வளவு என்பது வேறு கேள்வி. ஒரு டம்ளர் காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை தித்திக்கும். ஒரு குடம் தண்ணீரில் பத்து ஸ்பூன் போட்டாலும் நாக்குக்குத் தெரியாது. எதில் சர்க்கரை அதிகம்?

எஃப் காலத்தில் இரண்டாவது வரிசையில் சமக் குறியிட்டு, பி2ஐ சி2ஆல் பெருக்கி, அதை 0.0864ஆல் பெருக்குங்கள். பெருக்கல் குறிக்கு நட்சத்திரக் குறியைத் தட்ட வேண்டும். இந்த 0.0864 எங்கிருந்து வந்தது? ஒரு நாளைக்கு 86,400 விநாடிகள். அதை கிராமிலிருந்து டன்னுக்கு மாற்றினால் இந்த எண். விடை, ஒரு நாளைக்கு ஆறு சுமந்து செல்லும் பி.ஓ.டி. எத்தனை டன் என்பது. செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்து ஏழாவது வரிசை வரை இழுத்துவிட்டால் மற்ற மாதங்களுக்கும் கணக்கு வந்துவிடும்.

ஜனவரியில் 15.6 டன். மார்ச் 13.8. மே மாதம் 10.4. நவம்பரில் மீண்டும் 13.8. இந்த நான்கும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கின்றன. ஜூலையைப் பாருங்கள்: 27.6 டன். செப்டம்பரில் 20.7.

நாற்றம் அதிகமாக இருந்த மே மாதத்தில்தான் ஆறு சுமந்த அழுக்கு மிகக் குறைவு! கண்ணுக்கும் மூக்குக்கும் சுத்தமாகத் தெரிந்த ஜூலையில் அது இரண்டு மடங்குக்கும் மேல். ஊர்ச் சாக்கடை ஒன்றுதான் காரணம் என்றால் சுமை எல்லா மாதமும் 13, 14 டன்னை ஒட்டியே இருந்திருக்க வேண்டும். அப்படியானால் ஜூலையில் ஆறு பெருகியபோது பி.ஓ.டி. 2க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை, 4ல் நிற்கிறது. கூடுதலாக வந்த 14 டன் எங்கிருந்து? மழை பெய்ததும் தெரு, குப்பைமேடு, மாட்டுத் தொழுவம், வறண்ட ஓடைகளில் மாதக்கணக்கில் தேங்கியது எல்லாம் அடித்து வரப்பட்டிருக்கலாம். பருவத்தின் முதல் பெருமழையில் இது அதிகமாகவும், பிந்தைய மழைகளில் குறைவாகவும் இருப்பது வழக்கம். நம் செப்டம்பர் கணக்கும் அதைத்தான் காட்டுகிறது.

நீர் ஓட்டத்துக்கும் இந்தச் சுமைக்கும் கோரிலேஷன் போட்டால் 0.77 வரும். சற்று முன் மைனஸ் 0.83 சொன்ன அதே அட்டவணை! இந்த 0.77ஐ அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். சுமையைக் கணக்கிடும்போதே நீர் ஓட்டத்தால் பெருக்கியிருக்கிறோம்; ஆகவே இரண்டும் ஓரளவு சேர்ந்து நடக்கத்தான் செய்யும். மாதவாரியாக டன் கணக்கைக் கண்ணால் பார்ப்பதே நல்லது. நீர் ஓட்டத்தின் அளவு இல்லாமல் மாசு அளவை மட்டும் வெளியிடும் அறிக்கைகள் பல உண்டு. அவற்றைப் படிக்கும்போது பாதிக் கணக்குதான் நம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்தச் சாக்கடை?

சாக்கடை என்று தெரிந்துவிட்டது. ஆனால் எந்தச் சாக்கடை? இதற்குப் பெரிய புள்ளியியல் வேண்டாம், கழித்தல் போதும். ஊருக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம், ஒரே நாளில் மாதிரி எடுத்து இரண்டு இடத்திலும் டன் கணக்கைப் போடுங்கள். கீழே உள்ளதிலிருந்து மேலே உள்ளதைக் கழித்தால் நடுவில் சேர்ந்தது கிடைக்கும். நடுவில் இன்னும் இரண்டு இடம் வைத்தால் எந்தத் துண்டில் சேருகிறது என்று நெருங்கிவிடலாம். மேல் கீழ் என்று சொல்லும்போது சாக்கடை வாய்க்கு ஒட்டினாற்போல் மாதிரி எடுக்கக் கூடாது. கழிவு ஆற்றின் குறுக்கே முழுவதும் கலந்த பிறகு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கரையில் எடுத்தவருக்கு நரகம், மறு கரையில் எடுத்தவருக்குச் சொர்க்கம் என்று விடை வரும்.

இங்கே குளோரைடு மீண்டும் உதவிக்கு வருகிறது. கீழே போகப் போக குளோரைடு டன் அப்படியே இருக்க, பி.ஓ.டி. டன் மட்டும் குறைந்தால் ஆறு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது என்று பொருள். இரண்டும் ஏறினால் வழியில் இன்னொரு வாய் இருக்கிறது.

அந்த விஞ்ஞானிகள் செய்தது

நமக்கு நான்கு காலம், அவர்களுக்கு 24. இரண்டிரண்டாகக் கோரிலேஷன் எடுத்தால் 276 ஜோடிகள் வரும். அவற்றைப் படித்து முடிப்பதற்குள் தலை சுற்றிவிடும். எனவே, சேர்ந்து ஆடும் அளவுகளைக் கம்ப்யூட்டரே கட்டுக் கட்டாகக் கட்டித் தரும் முறைகள் இருக்கின்றன. பி.சி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரின்சிபல் காம்பொனன்ட் அனாலிசிஸ் அவற்றில் முதன்மையானது. மளிகைக் கடையின் ஆயிரம் பில்களைக் கொடுத்தால் 'இந்த நான்கு பொருள் ஒரு கட்டு, அந்த மூன்று ஒரு கட்டு' என்று பிரித்துத் தரும். அதற்கு முன் ஒவ்வொரு காலத்திலும் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்து, எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். இதைச் செய்யாவிட்டால் நூற்றுக்கணக்கில் ஓடும் எண்கள், புள்ளிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பாஸ்பேட் போன்றவற்றை விழுங்கிவிடும்.

கோமதியில் இந்த முறை ஆறு கட்டுகளைத் தந்தது. ஆற்று நீரில் காணப்பட்ட மொத்த ஏற்ற இறக்கத்தில் 71 சதவீதத்தை இந்த ஆறும் விளக்கின. மீதி 29 சதவீதம்? அது எந்தக் கட்டிலும் அடங்கவில்லை. இன்னொரு விஷயத்தையும் அவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். 24 அளவுகளைச் சுருக்கலாம் என்று பார்த்தால், பி.சி.ஏ.வில் 14க்குக் கீழே சுருங்கவில்லை. வேறொரு முறையில்தான், பருவ மாற்றத்தை அடையாளம் காண 5 அளவுகளும், இடத்துக்கு இடம் உள்ள வேறுபாட்டைக் காண 9 அளவுகளும் போதும் என்று கிடைத்தது. மாசு சோதனைச் சாலைகளுக்கு இது பெரிய விஷயம். அளப்பதைக் குறைத்தால் அதே செலவில் கூடுதல் இடங்களில் கூடுதல் நாட்கள் அளக்கலாம்.

8 இடங்களையும் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்த்துக் கூட்டம் பிரித்தபோது மூன்று கூட்டங்கள் வந்தன. கம்ப்யூட்டருக்கு லக்னோ எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. எண்களை மட்டுமே கொடுத்தார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கட்டைப் பிரித்துத் தருவது கம்ப்யூட்டர். அந்தக் கட்டுக்குப் பெயர் வைப்பது மனிதன். 'முதல் கட்டு வீட்டுச் சாக்கடை' என்று திரையில் வராது. வேதியியலும் ஆற்றங்கரையும் தெரிந்தவர்தான் அதைச் சொல்ல வேண்டும். கட்டுரைத் தொடக்கத்தில் பாதி தூரம் என்று சொன்னோமே, மறு பாதி இதுதான். இந்தப் பெயரிடலில் அவசரப்பட்ட ஆய்வுகள் நிறையவே உண்டு. நைட்ரேட்டைக் கண்டதும் உரம் என்று எழுதிவிடுவார்கள். சாக்கடையிலிருந்து வரும் அம்மோனியாவும் ஆற்றில் நைட்ரேட்டாக மாறும் என்பதை மறந்துவிடுவார்கள்.

கவனமாக இருக்க வேண்டிய இடங்கள்

கோரிலேஷன் எண்ணைப் பார்ப்பதற்கு முன் படத்தைப் பாருங்கள். இரண்டு காலங்களையும் தேர்ந்தெடுத்து, இன்செர்ட் டேபில் ஸ்கேட்டர் வகை சார்ட்டைக் கிளிக் செய்தால் புள்ளிகள் கிடைக்கும். எல்லாப் புள்ளிகளும் ஒரு மூலையில் கும்பலாகக் கிடக்க, வெள்ள நாளின் ஒரே ஒரு புள்ளி தூரத்தில் நின்றால், அந்த ஒற்றைப் புள்ளியே 0.9ஐக் கொண்டுவந்துவிடும். ஆறு வரிசைகள் பயிற்சிக்குச் சரி. உண்மையில் யாரையாவது குற்றம் சொல்ல அது போதவே போதாது.

வெயில் காலத்தில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறையும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும் என்பதால் இது இயற்கை. அதே மாதத்தில் ஓர் ஆலை ஓடத் தொடங்கியிருந்தால் இரண்டுக்கும் கோரிலேஷன் அருமையாக வரும். ஆலைக்கு அதில் பங்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

குடல் பாக்டீரியா எண்ணிக்கை ஒரு நாள் நூறுகளில் இருக்கும், மறுநாள் லட்சங்களில் போகும். அதை அப்படியே கோரிலேஷனில் போடாமல், லாக்10 ஃபங்ஷனால் மடக்கையாக மாற்றிய பிறகு போடுங்கள்.

அடுத்து, புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் ஓரிடம். பி.டி.எஃப். பைலிலிருந்து எண்களைக் காப்பி செய்து ஒட்டும்போது, அவை எண்போலத் தெரிந்தாலும் எக்ஸெல் அவற்றை எழுத்தாக எடுத்துக்கொண்டிருக்கும். செல்லின் இடது ஓரத்தில் ஒட்டி நின்றால் எழுத்து, வலது ஓரத்தில் நின்றால் எண் என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். அட்டவணைகளில் பி.டி.எல். என்று சில கட்டங்களில் போட்டிருப்பார்கள்; கருவியால் அளக்க முடியாத அளவுக்குக் குறைவு என்று பொருள். அங்கே பூஜ்யம் போடக் கூடாது. கருவியின் மிகக் குறைந்த அளவில் பாதியைப் போடுவது பரவலான பழக்கம். அப்படிப் போட்ட கட்டங்களுக்கு வண்ணம் கொடுத்து வையுங்கள், பின்னால் எது அளந்தது, எது நாம் போட்டது என்று தெரியும்.

மொத்தமாகச் செய்வது எப்படி?

ஜோடி ஜோடியாக ஃபார்முலா அமைக்க அலுப்பாக இருக்கிறதா? கால்க்கில் எண்களைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் ஸ்டேடிஸ்டிக்ஸ், அதில் கோரிலேஷன் கிளிக் செய்திடுங்கள். எல்லா ஜோடிகளும் ஒரே அட்டவணையாக வந்துவிடும். எக்ஸெல்லில் இந்த வசதி இருக்கிறது, ஆனால் தூங்கிக்கொண்டிருக்கும். ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் எனச் சென்று, கீழே உள்ள கோ பட்டனை அழுத்தி, அனாலிசிஸ் டூல்பேக் எதிரே டிக் செய்து ஓகே கொடுக்கவும். இனி டேட்டா டேபின் வலது ஓரத்தில் டேட்டா அனாலிசிஸ் கிடைக்கும். இது எழுத்து உள்ள செல்லைக் கண்டால் வேலை செய்ய மறுத்துவிடும். மேலே சொன்ன சுத்தம் செய்யும் வேலையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

பி.சி.ஏ.வும் கூட்டம் பிரித்தலும் எக்ஸெல்லில் நேரடியாக இல்லை. அதற்கு ஆர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கட்டளைகளை டைப் செய்து பழக வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2014ல் பி.எம்.எஃப். 5.0 என்ற விண்டோஸ் மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. காற்று மாசுக்காகப் புகழ்பெற்றாலும் தண்ணீருக்கும் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு அளவிலும் எவ்வளவு தவறு இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்வது அதன் நல்ல குணம்.

உண்மையான எண்கள் வேண்டுமென்றால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் ஆண்டுவாரியாக ஆறுகளின் அட்டவணைகள் உள்ளன. பல ஆண்டுகளுக்குக் குறைந்த அளவு, அதிக அளவு என்ற இரண்டு மட்டுமே கொடுத்திருப்பார்கள். எந்த நாளில் எதுவும் எதுவும் சேர்ந்து இருந்தன என்பது அதில் போய்விடுகிறது. கோரிலேஷனுக்கு அது உதவாது. நாள்வாரியாக வேண்டும். பழகிப் பார்க்க அமெரிக்காவின் வாட்டர் குவாலிட்டி போர்ட்டல் தளத்தில் நாள்வாரி எண்களை சி.எஸ்.வி. பைலாக இலவசமாக டவுன்லோட் செய்யலாம். எக்ஸெல் அதை நேராகத் திறக்கும். உள்ளூர் ஆற்றுக்கு நாள்வாரி எண்கள் வேண்டுவோர், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் மாதிரி எடுத்த தேதி, இடம் இவற்றோடு அன்றைய நீர் ஓட்டத்தின் அளவையும் மறக்காமல் கேளுங்கள்.